போன கிழமையும் வந்தவர்கள்

கோட்டை வாசலில் டிக்கெட் கொடுத்த பெண், கிளடிசைக் கண்டதும் சிரித்தாள்.

“போன சனிக்கிழமையும் வந்தீர்கள், இல்லையா? அதற்குள் திரும்பவும் வந்துவிட்டீர்களே.”

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். புனிதவதிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். வயிறு எரிவதற்கு அந்த அளவு போதும்.

நயாகராப் பக்கம் போக வேண்டும், திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டும், பழைய கோட்டைப் பீரங்கிக்குப் பக்கத்தில் குடும்பமாக நின்று படம் எடுத்துச் சுவிசில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று கோடை தொடங்கியதிலிருந்து சொல்லி வந்தவள் புனிதவதி. ஆனால் வான் கிளடிசுடையது. ஓட்டுவதும் கிளடிஸ். அவர்கள் குடியிருக்கும் வோபர்னில் இருவருக்கும் ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் எல்லாம் இருந்தது. இந்தக் கதவுக்குப் பின்னால் ஆசை மட்டும் இருந்தது.

“இஞ்சாருங்கோ, கேட்டியளே?” என்று கணவர் இரத்தினவேலின் காதைக் கடித்தாள். “எங்களை விட்டிட்டு, முதல்லை தாங்கள் வந்து பாத்திட்டினம். எங்களுக்கு மிச்சச் சோறு.”

“பேசாமல் வாரும். வான் அவையின்ரை.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

கிளடிஸ் இப்படிச் செய்வது புதிதும் அல்ல. கனடா தினத்தன்று இரவு கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை நிற்காமல் போனவள்தானே. அன்று புனிதவதியால் உடனே எழும்பி வர முடியவில்லை என்பது வேறு கதை. தட்டினால் நிற்க வேண்டாமா?

கோட்டைக்குள் பச்சைப் பசேலென்ற புல்வெளி. அந்தக் காலத்துச் சிவப்புச் சட்டை போட்ட ஆட்கள் மேளத்தோடு தூரத்தில் கூடிக்கொண்டிருந்தார்கள். புனிதவதியின் மகன் பிரவீனன் அவர்களை நோக்கி ஓடினான். அவள் பின்னால் போகக் காலெடுத்து வைக்க, கிளடிஸ் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்தாள்.

“அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் தெருவுக்கு அங்காலை இருக்கிற வைன் மியூசியத்தை முதல்லை பாத்திட்டு வருவம்.”

“வைனோ? நான் வெள்ளிக்கிழமை விரதக்காரி.”

“இண்டைக்குச் சனிதானே. குடிக்கச் சொல்லேல்லை, பீப்பாவைப் பாருங்கோ.”

“அப்ப படம்?”

“பிறகு எடுப்பம். பீரங்கி எங்கையும் ஓடாது.”

கிளடிசின் கணவர் எட்வேட் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “நீங்கள் போங்கோ. பெடியனை நான் பாக்கிறன்” என்றார். இரத்தினவேலும் தலையாட்டினார். எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்தது போல இருந்தது.

தெருவைக் கடந்து, கற்படிகள் இறங்கி மியூசியத்தின் நிலவறைக்குப் போனார்கள். குளிர்ந்து கிடந்தது. சுவர் ஓரமாக யானைக்குட்டி அளவில் பீப்பாக்கள். கிளடிஸ் அங்கிருந்த கிழவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டாள். திராட்சையை எப்போது பறிப்பார்கள், காலால் மிதிப்பார்களா, இந்தப் பீப்பா என்ன மரம். தாளில் எழுதி ஒட்டியிருந்ததையெல்லாம் சத்தமாக வாசித்தாள்.

இங்கிலிஷ் காட்டுறா, என்று நினைத்தாள் புனிதவதி. மகன் கோட்டையில் நிற்கிறான். அவன் முதன்முதலாகப் பீரங்கியைத் தொடும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவள், இங்கே வெறும் பீப்பாவோடு நிற்கிறாள்.

மேலே எங்கேயோ ஏதோ மந்தமாக அதிர்ந்தது. அதே நேரம் கிளடிஸ் உள்ளங்கையால் ஒரு பீப்பாவைப் படார் படாரென்று அடித்தாள்.

“உது வெறும் பீப்பா அக்கா. என்ன சத்தம் போடுது பாருங்கோ. நீங்களும் தட்டுங்கோ.”

“உமக்கென்ன, சின்னப்பிள்ளையே?”

ஆனாலும் கிளடிஸ் விடவில்லை. புனிதவதியின் கையையும் பிடித்துத் தட்ட வைத்தாள்.

அவர்கள் மேலே வந்து கோட்டைக்குள் திரும்பியபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பிரவீனன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அம்மா, யூ மிஸ்ட் இட். எல்லாத் துவக்கும் வெடிச்சவை. பீரங்கியும் வெடிச்சது. நானும் அப்பாவும் சோல்ஜரோடை படம் எடுத்தனாங்கள்.”

காற்றில் கருமருந்து மணத்தது. புனிதவதியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. நிலவறைக் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். படத்தில் மகன் இருக்கிறான், கணவர் இருக்கிறார், ஊர் பேர் தெரியாத சிப்பாய்கூட இருக்கிறான். அவள்தான் இல்லை.

“வாங்கோ அக்கா,” என்றாள் கிளடிஸ். “இப்ப பீரங்கிக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. குடும்பமாய் வடிவாய் ஒரு படம்.”

“வேண்டாம். எல்லாம் முடிஞ்ச பிறகு எனக்கென்னத்துக்குப் படம்?” புனிதவதி பீரங்கிக்கு முதுகைக் காட்டி நின்றாள். “நீர் போன கிழமையே வந்து எல்லாம் பாத்து முடிச்சிட்டீர். நானும் பாத்திடக்கூடாதெண்டுதானே என்னைக் கொண்டுபோய் நிலத்துக்குக் கீழை வைச்சனீர்? இனி உம்மடை வானிலை நான் எங்கையும் வரேல்லை.”

எட்வேட் கமராவை இறக்கினார். “சொல்லிவிடும் கிளடிஸ்” என்றார். இரத்தினவேல் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கிளடிஸ் பிரவீனனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவனுக்குக் கேட்காத தூரத்துக்குப் புனிதவதியைக் கூட்டிப்போய், தணிந்த குரலில் சொன்னாள்.

“கனடா டே அண்டைக்கு உங்கடை கதவைத் தட்டினனான் அக்கா. வெளியிலை வாணம் வெடிக்க வெடிக்க, உள்ளுக்கை நீங்கள் ‘குண்டு விழுது, பிள்ளையைத் தூக்குங்கோ, பங்கருக்கை ஓடுங்கோ’ எண்டு கத்திக் குழறிக்கொண்டிருந்தனீங்கள். அதுதான் போன கிழமை வந்து, இஞ்சை எந்த நேரம் வெடிப்பினம், எந்தச் சுவர் தடிப்பு, எங்கை நிண்டால் சத்தம் கேளாது எண்டு பாத்துக்கொண்டு போனனான்.”