கை காட்டினால் நிற்கும்

அந்தக் கோவைப் பட்டறையில் லேத்தை நிறுத்த இப்போது யாரும் பொத்தானைத் தேடுவதில்லை. பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைக் காட்டினால் போதும். புது லேத்தில் பொருத்திய சென்சார், மனிதத் தோலைக் கண்டதும் அதை நிறுத்திவிடும். பழைய லேத்தில் வலது கையைப் பறிகொடுத்து, செயற்கைக் கையோடு வேலைக்குத் திரும்பிய ஆறுச்சாமி, மற்றவர்களைப் போலவே தானும் அந்தக் கையைக் காட்டினார்.

லேத் நிற்கவில்லை. இரும்பைக் கவ்விச் சுழன்ற சக், அவர் சட்டைக்கையைப் பற்றி இழுத்தது. பக்கத்து லேத்தில் நின்ற ரங்கநாயகி பாய்ந்துவந்து, தன் வெறுங்கையைச் சக்கின் முன்னால் நீட்டினாள். லேத் நின்றது.

"என்னைய மனுசக் கணக்குலயே சேக்கலையே, அம்மணி" என்றார்.

"அதுக்கென்னங்ணா தெரியும்? மொதல்ல சட்டைய உருவுங்க."

அவர் விடுபடும்வரை, தன் கையைச் சக்கின் முன்னாலிருந்து அவள் எடுக்கவேயில்லை.