கூடையிலிருந்து எடுத்த பொடி

கிளிசராலைப் பெட்ரோலில் கலக்கத்தக்க சேர்மமாக மாற்ற நான்கு ஆண்டுகள் போராடிய பூங்கோதை, மூன்றாம் முறை பயன்படுத்தியபோதே செயலிழந்த தன் வினையூக்கிப் பொடியைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஆசீர் அந்த வெண்பொடியை எடுத்து மெத்தனாலில் கழுவினான். இருபது முறை அது சளைக்காமல் வேலை செய்துவிட்டது. ஆய்வுக்கூடமே அவன் மேசையைச் சூழ்ந்து நின்றது.

“உங்க பொடிதான்க்கா. கழுவுனதத் தவிர நான் ஒண்ணும் பண்ணல.”

அந்தப் பணிவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“பொடி தீரப்போவுது, புதுசா செய்யணும். உலையில எத்தன டிகிரில சுட்டீங்க?”

நானூற்றைம்பது. அதைத் தாண்டினால் பொடி வெறும் மண்ணாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

“எழுநூறு,” என்றாள்.

அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். தகவல் தந்தவர் என்று அருகில் அவள் பெயரையும் எழுதினான்.