அட்டைப்பெட்டி சுமந்த டிவி

சிரிப்புக் கதைதான், கொஞ்சம் பொறுங்க. டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்பது வருஷமாகப் பரணில் காத்திருந்தது. உள்ளிருந்த தெர்மாகோல் கொலுவுக்குப் போய்விட்டாலும், வீடு மாறும்போது டிவியை நாம்தான் சுமப்போம் என்றிருந்தது.

வீடு மாறிய நாளில் ஏதோ கனமாக உள்ளே இறங்கியது. எவர் குரலிலும் பேசும் நைலான் கயிறு, பெட்டியைச் சுற்றியபடி டிவி குரலில் சொன்னது: "ஆடாமப் பிடிச்சுக்கோங்கண்ணே, கண்ணாடி ஒடம்பு!"

"நான் இருக்கேன் தம்பி."

வண்டி குலுங்கியது. மூலை கிழிந்தும் பெட்டி பிடியை விடவில்லை. பக்கத்துப் போர்வை மூட்டைக்குள் ஏதோ சடக்கென்றது.

"பாவம், எதுவோ உடைஞ்சிருச்சு," என்றது பெட்டி. கயிறு தன் முடிச்சை இறுக்கிக்கொண்டது.

புது வீட்டில் பெட்டியிலிருந்து பழைய செருப்புகளும் இட்லிக் குண்டானும் விழுந்தன. போர்வைக்குள்ளிருந்து விரிசல் விட்ட டிவி வந்தது.

பெட்டி கயிற்றைப் பார்த்தது.

"டிவி குரல்ல பேசினது... நீயாடா?"