பதினோரு மணி டோக்கன்

கார் ஸ்டார்ட் ஆனது. நாலு உறுமு உறுமியது. அப்படியே நின்றுவிட்டது.

வெங்கடேசன் மறுபடி சாவியைத் திருகினான். மறுபடி உறுமல், மறுபடி கப்சிப். சாலவாக்கத்தில் அந்தத் தெருவுக்கே வேடிக்கை பார்க்க இது போதாதா?

"பேட்டரி வீக்கு," என்றார் பால் சொசைட்டி அரவிந்தன். அவர் ஜென்மத்தில் ஓட்டிய ஒரே வண்டி சைக்கிள்.

"கண்ணு பட்டிருச்சு. எலுமிச்சம்பயம் வெய்யி," என்றாள் எதிர்வீட்டுச் செல்லாயி.

நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வந்தது. அதை நசுக்கக்கூட கார் நகரவில்லை.

பின் சீட்டில் கனகா உட்கார்ந்திருந்தாள். வெங்கடேசனின் ஒரே தங்கை. மடியில் தாம்பாளம், அதில் அண்ணன் எடுத்துக் கொடுத்த பட்டுப் புடவை.

எதற்குப் பட்டு? அப்பா விட்டுப் போன ஏரிக்கரைக் கழனி ஒரு ஏக்கர். அதில் என் பாதி எனக்கு வேண்டாம் என்று உத்திரமேரூர் ரிஜிஸ்டர் ஆபீசில் கனகா இன்று கையெழுத்துப் போட வேண்டும். தங்கச்சி பங்கைப் புடவை கொடுத்து வாங்கிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அந்த அரை ஏக்கர் நெல்லில்தான் கனகா வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கிறது. புருஷனுக்கு முதுகு போய் வீட்டோடு கிடக்கிறான். ஆனால் போட மாட்டேன் என்று சொன்னால் பிறந்த வீட்டு வாசல் அன்றோடு சரி. நாளைக்கு மகள் திவ்யா கல்யாணத்துக்குத் தாய்மாமன் என்று வந்து நிற்க ஆள் வேண்டாமா?

"எனக்கு ஆசையாம்மா? எல்லாம் உங்க அண்ணி. தெனம் அதே பேச்சு. என் பேஜாரு எனுக்கு," என்று நேற்று வெங்கடேசன் கண் கலங்கியிருந்தான். பாவம் அண்ணன் என்று கனகாவும் கலங்கினாள்.

அந்த அண்ணி சித்ரா வாசற்படியில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் பறந்த பறப்பு இருக்கிறதே! இட்லி வைத்தாள், வடை வைத்தாள், நாத்தனார் தலையில் பூ வைத்தாள். ஆதார் எடுத்துக்கினியா, போட்டோ எடுத்துக்கினியா என்று மூன்று தடவை கேட்டாள்.

"பதினோரு மணிக்கு டோக்கன். இன்னிக்கு புதன், பன்னண்டானா ராவு காலம். சீக்கிரம் இன்னான்னு பாருங்க," என்று இப்போது புருஷனையும் விரட்டினாள்.

அரை ஏக்கர் மேல் எவ்வளவு பசி பார் என்று கனகாவுக்கு வயிறு எரிந்தது.

"டவுன் பஸ்ஸு வர்ற நேரம்தான்ணா. அதுலயே போயிடலாம்," என்றாள். எப்படியும் போகப் போகிற கழனி, பஸ்ஸில் போனால் என்ன, காரில் போனால் என்ன.

"பஸ்ஸுலயா?" சித்ரா குறுக்கே வந்தாள். "கையெழுத்து வாங்கறதுக்குத் தங்கச்சிய பஸ்ஸுல நிக்க வெச்சு இட்டுக்கினு போனாருன்னு ஊரு காறித் துப்பும். போனா கார்லதான் போவணும்."

வெங்கடேசனுக்கு அது சரியென்று பட்டது. கௌரவம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அவன் மூளை லீவு போட்டுவிடும்.

மெக்கானிக் பீட்டர் வந்து பானெட்டைத் திறந்தான்.

"ஸ்டார்ட் ஆவுது இல்ல? அப்ப பேட்டரி நல்லா கீது," என்றான். அரவிந்தன் பால் கேனை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

பீட்டர் பெட்ரோல் பார்த்தான், பிளக் பார்த்தான், ஃபில்டரைத் தட்டிப் பார்த்தான். பிறகு காரின் பின்னால் போய்க் குந்தினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"பெட்ரோல் பம்ப்பு பூட்ச்சுண்ணா. காஞ்சிபுரத்துலேர்ந்து வரணும். சாயங்காலம் ஆயிடும்."

பன்னிரண்டு அடித்தது. ராகு காலத்தில் சொத்து வாங்கினால் விளங்காதாம். தங்கையிடமிருந்து வாங்கினால் மட்டும் நன்றாக விளங்கும். "திங்கக்கெழம வேற டோக்கன் போட்டுக்கினு வரேன்," என்று வெங்கடேசன் பைக்கை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனான். தெரு கலைந்தது.

சித்ரா அடுப்படி இடுக்கியோடு வந்தாள். காரின் பின்னால் குந்தி, சைலன்சர் குழாய்க்குள் இடுக்கியை விட்டு இழுத்தாள். கிழித்து ஈரத்தோடு இறுக்கித் திணித்திருந்த துணி முழம் முழமாக வந்தது. கரி அப்பியிருந்தது. ஆனாலும் ஓரத்தில் ஜரிகை தெரிந்தது.

கனகா அந்த ஜரிகையைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணி, இது பட்டாச்சே."

"பதிமூணு வருசமா பொட்டியில சும்மாதான கெடந்துச்சு. பொக வெளிய போவலன்னா வண்டி நின்னுடும். பீட்டரு கண்டுபுடிச்சிட்டான். அவனுக்கும் ரெண்டு அக்கா கீறாங்க, வாயத் தொறக்கல."

"நீங்கதான் கழனி கேட்டீங்கன்னு அண்ணன் சொல்லுச்சே."

"சொல்லுவாரு. எங்க அண்ணனும் எங்க அண்ணி மேலதான் பழியப் போட்டாரு." சித்ரா துணியைப் பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. "திங்கக்கெழம வரைக்கும் டைம் கீது. நல்லா யோசி."

"இவ்ளோ நல்ல பொடவைய ஏன் அண்ணி கிழிச்சீங்க?"

"கையெழுத்துக்காக எங்க அண்ணன் எடுத்துக் குடுத்தது கனகா. அன்னிக்கு அவரு காரு எங்கயுமே நிக்கல."