சாப்பு வாங்கப் போன கேள்வி

பளீரென்று ஓர் அறை. புனிதாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"யாரக் கேட்டுடி அத ஆபீஸ்ல குடுத்த?" என்றாள் அம்மா முனியாயி.

எல்லாம் இடைநிலைப் பள்ளி இரண்டாம் வருசத்து, பாரம் டூ, சரித்திர ஆய்வால் வந்தது. அவர்கள் குடியிருக்கும் தோட்டம் எந்த வருசம் திறந்தது, எத்தனை ஏக்கர் என்று புனிதா எழுதிக்கொண்டு போனதையெல்லாம் சுசீலா டீச்சர் அடித்துவிட்டார். புத்தகத்தில் பதில் இருப்பது கேள்வியே இல்லையாம். தெரிந்தே ஆகணும் என்று மனசை அரிப்பதைக் கேட்கணுமாம்.

புனிதா எழுதினாள்: 'தோட்டத்தில் களை மருந்து அடிக்கும் பெண்களுக்கு ஏன் நகம் விழுகிறது?'

டீச்சருக்குப் பிடித்துப்போனது. ஆட்களைப் பேட்டி எடுக்க அனுமதியாகத் தோட்ட ஆபீஸ் சாப்பு, அதாவது முத்திரை, குத்தி வாங்கிவரச் சொன்னார். அசட்டுப் பெண், நேரே ஆபீஸ் கணக்கர், கிராணி தம்புசாமியிடம் நீட்டினாள். அவர் சாப்பு குத்தவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பன் இல்லாத வீடு. தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்கடி போறது?" என்றாள் முனியாயி. அன்றைக்கு அவள் சோறே தின்னவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடிந்தும் கிராணி யாரையும் வேலைக்கு அனுப்பவில்லை. பள்ளி பஸ்ஸுக்காகப் புனிதா ஓரமாக நின்றாள். பையிலிருந்து தாளை எடுத்து, மலாயில் அவள் எழுதியிருந்ததை அவர் தமிழில் உரக்கப் படித்தார்.

"மேனேஜர் பாத்தா என்னா ஆவும்? சின்னப்புள்ளைக்கு இதெல்லாம் தோணாது லா. யார் எழுதச் சொன்னது? பேரச் சொல்லு, புனிதா."

வரிசையில் நின்ற நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் பேரைச் சொன்னால் தப்பித்துவிடலாம். புனிதா அம்மாவைப் பார்த்தாள். அவளும் தலையைக் குனிந்துதான் நின்றாள்.

கிராணி மறுபடி கேட்டார்.

முனியாயி வரிசையை விட்டு வெளியே வந்தாள். சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்திருந்த விரல்களை நீட்டினாள். மூன்றில் நகம் இல்லை.

"நான்தாங்க."

"ஒனக்குக் கையெழுத்தே போட வராதே, முனியாயி."

"வராதுங்க. அதான் புள்ளய எழுதச் சொன்னேன்." நீட்டிய விரல்களை அவள் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. "நீங்க பதிலச் சொல்லுங்க. அதையும் அவளே எழுதிக்குவா."