உப்பங்கழிக்கு வந்த அன்னம்

உப்பங்கழிப் பூங்காவில் யானை உயரத்துக்கு ஒரு வெள்ளை அன்னம் வந்து மிதந்த நாளிலிருந்து நாரையாருக்குத் தொண்டையில் மீன் இறங்கவில்லை. இந்த உடம்பு ஒரு வேளை சாப்பிட உட்கார்ந்தால் கழியில் ஒரு மடவைக்குஞ்சுகூட மிஞ்சாதே! கடைசியில் துணிந்து பக்கத்தில் போனார்.

“அண்ணாச்சி, தினம் எத்தனை மீன் சாப்பிடுவீங்க?”

“மீனா? நான் ஃபைபர்ல செஞ்ச மிதிபடகுப்பா. சுத்திப் பார்க்க வர்றவங்க ஏறி மிதிச்சா நகருவேன். எனக்கு வயிறே கிடையாது.”

நாரையாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே ஒரு மடவையைக் கொத்திக்கொண்டு அலையாத்தி மரத்திலிருந்த கூட்டுக்குப் பறந்தார்.

“என்னங்க ஆச்சு?” என்று பதறினாள் பெண்டாட்டி.

“ஒரே அதட்டுதான்டி! இனிமே இந்தக் கழியில மீனைத் தொடமாட்டேன்னு என் காலைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டான்.”