பிஸ்கட்டுக்கு ஏற்ற இரை

"இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடு, நோரி. கஞ்சத்தனம் பண்ணாத."

குரலைக் கேட்டதுமே நோரீனுக்கு வயிறு எரிந்தது. பதினோரு மாதத்துக்கு முன்பு வரை அது அவள் புருஷனின் குரல். இப்போது அவள் கடை முன்னால் நின்றுகொண்டு எலி கேட்கிறது.

துல்சா நகரில் வருடா வருடம் நடக்கும் பாம்புக் கண்காட்சி அது. பாம்பு விற்பவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். தீனிக்கு உறைய வைத்த எலி விற்பவள் நோரீன் ஒருத்திதான். அதனால் அந்தப் பழைய புருஷன் லைலுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"பெருசு எதுக்கு? பிஸ்கட் உடம்புல எந்த இடம் தடிமனோ, எலியும் அந்தத் தடிமன்தான் இருக்கணும். மேல போனா கக்கிடும்."

"அட, இன்னும் ஞாபகம் வச்சிருக்கியே!" என்று சிரித்தான்.

மறக்கிற விஷயமா அது? பிஸ்கட் ஒரு பந்து மலைப்பாம்பு. முட்டையை விட்டு அது வெளியே வந்ததே நோரீனின் உள்ளங்கையில்தான். நாலு மாதம் எதையும் தொடாமல் கிடந்த குட்டிக்கு சுண்டெலி, வெள்ளெலி என்று மாற்றி மாற்றிக் காட்டி, பொறுமையாகச் சாப்பிட வைத்தவள் அவள்.

லைல் இன்னொருத்தியைக் கூட்டி வந்து இவளை வெளியே போகச் சொன்ன அன்று, பிஸ்கட்டை மட்டுமாவது கொடு என்று கெஞ்சினாள். "பாம்பு என் வீட்ல இருக்கு, அதனால அது என் பாம்பு" என்று கதவைச் சாத்தினான். பாம்பின் மேல் அவனுக்குப் பாசமெல்லாம் கிடையாது. இவள் அழ வேண்டும், அவ்வளவுதான்.

"இப்பவாவது குடுத்துடேன், லைல்."

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது. பன்னெண்டு மணிக்கு மேடையில என் பேச்சு. சரியான இரையை எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு எல்லாருக்கும் சொல்லித் தரப்போறேன். முன்வரிசையில உக்காந்து நீயும் கத்துக்கோ."

நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டாள். நடுத்தரமான எலி ஒன்றைப் பொறுக்கி வெந்நீரில் போட்டாள். குளிர் விட்டதும் வெளியே எடுத்து, வெறுங்கையாலேயே துடைத்து, தலையையும் வயிற்றையும் அழுத்தி அழுத்திப் பார்த்துக் கொடுத்தாள்.

லைல் சந்தேகப் பிராணி. எலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்த்தான். "விஷம் கிஷம் வைக்கலையே?"

"பிஸ்கட் வயித்துக்குள்ள போறதுல நான் விஷம் வைப்பேனாடா? அது என் குழந்தை."

அது அவனுக்கே நியாயமாகப் பட்டது. எலியைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனான்.

மேடைப் படியருகே நோரீன் அவனை மறித்தாள். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே நமக்குள்ள எதுவும் வேணாம், லைல். நல்லாப் பேசு." இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சட்டென்று விடவும் இல்லை.

"தோத்துட்டேன்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். லைலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மேடையில் வெளுத்து வாங்கினான். கீழே இருநூறு பேர்.

"உயிரோட எலி போடாதீங்க. பாம்புக்குப் பசி இல்லேன்னா எலி அதைக் குதறிடும். செத்த எலியைச் சூடு பண்ணி இடுக்கியால காட்டுங்க. இதுக்குக் கண்ணு சுமார்தான். வாசமும் சூடும் எங்க இருக்கோ அதுதான் இதுக்குச் சாப்பாடு!"

கைதட்டல் எழுந்தது. லைல் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இதைவிட சாது எதுவும் கிடையாது. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் இந்தப் பேரே. அஞ்சு வருஷத்துல என்னை ஒரு தடவகூடக் கடிச்சதில்ல. பாருங்க!"

இடுக்கியில் பிடித்திருந்த எலியை மேஜை மேல் வைத்துவிட்டு, பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டப் பெட்டிக்குள் கையை விட்டான்.

பிஸ்கட் ஒரே பாய்ச்சலில் அந்தக் கையைக் கவ்வியது. மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியது. லைல் போட்ட அலறலில் வாசலில் நின்ற காவலாளி உள்ளே ஓடி வந்தான். மேடையில் பந்தாகச் சுருண்டு கிடந்தது லைல்தான்.

"எடுங்க! யாராவது எடுங்க! இந்தச் சனியன் எனக்கு வேணாம்! எங்கயாவது கொண்டு போங்க!"

"நான் கொண்டு போகட்டுமா?" நோரீன் கையில் தலையணை உறையோடு நின்றாள்.

"கொண்டு போய்த் தொலை! உனக்கே உனக்கு!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கேட்டோம் என்று முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. அதன் பிறகுதான் பாம்பின் வாயருகே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள். பிஸ்கட் மெல்லப் பிடியை விட்டு அவள் கைக்கு வந்தது. உறைக்குள் இறக்கி முடிச்சுப் போட்டபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

லைல் ரத்தம் சொட்டும் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பினான். "சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவினேனே! எலி வாசமே இருந்திருக்காதே! அப்புறம் ஏன் என் கையைக் கடிச்சுது?"

நோரீன் அவன் காதருகே குனிந்தாள்.

"கை கழுவுறது உன் பழக்கம், லைல். நான் கழுவல."